சூதும் பத்திரிகைகளும்

சூதாட்டத்தைக் கண்டிக்க நமது பத்திரிகைகளுக்குள்ள யோக்கியதையைச் சற்றுப் பாருங்கள். இணையச் சூதில் பணந்தோற்று உயிரை மாய்த்துக் கொண்டவனின் சங்கதி உள்பக்கத்தில் நாலு வரி. அதுவும் ‘பேராசையால் கெட்டான்’ என்று. அதே சூதுக்கு ஆள் பிடிக்கும் விளம்பரமோ முன்பக்கம் பூராவும் வந்ததை நாம் பார்க்கவில்லையா?

பந்தய விளம்பரங்களைப் போடாதீர்களென்று 2022 ஜூனில் இந்திய சர்க்காரே பத்திரிகைகளுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. 2025 ஆகஸ்டில் பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களையும் அவற்றின் விளம்பரங்களையும் தடுத்துச் சட்டமே செய்யப்பட்டது. விளம்பரக் காசு நின்ற பிறகு ‘சூது குடியைக் கெடுக்கும்’ என்று தலையங்கம் எழுதுவது என்ன சீர்திருத்தம்? ஏழையின் கடனுக்குக் கணக்குக் கேட்கிறவர்கள், தாங்கள் சூதுக்காரரிடம் வாங்கியது எவ்வளவென்று முதலில் அச்சிடட்டும். ஒரு கார்டு எழுதியாவது அவர்களைக் கேளுங்கள். அதைச் சொல்லாதவர்களுக்கு நமக்குப் புத்தி சொல்ல என்ன பாத்தியதை இருக்கிறது?