மனவடுவுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இடம் உண்டா?



சென்ற மாதம் ஒரு துக்கத்துக்காகக் கோரமண்டல் போயிருந்தேன். பங்காரப்பேட்டையிலிருந்து தங்கவயலுக்குப் போகும் கிளைப் பாதையில், ஊரிகம், சாம்பியன், மாரிகுப்பம் ஆகியவற்றுக்கு முன்பே வந்துவிடும் சின்ன ஸ்டேஷன் அது. நான் பிறந்து வளர்ந்த லைன் அங்கேதான் இருக்கிறது. அடக்கம் முடிந்து திரும்பி வந்து உட்கார்ந்திருந்தபோது, பழைய பக்கத்து வீட்டு அக்கா என்னைத் தனியாக அழைத்து ஒரு சங்கதி கேட்டார்கள்.

"தம்பி, நீ மருந்து குடுக்கிற ஆளுதானே? எங்க வூட்டுக்காரருக்கு ராத்திரில தூக்கமே இல்ல. கதவு படார்னு சாத்துனா கூட எழுந்து ஓடறாரு. உடம்பெல்லாம் வலின்றாரு. ஊசி போட்டா ரெண்டு நாளு நல்லா கீறாரு, அப்பால பழையபடிதான். நல்ல ஊசியா ஒண்ணு எழுதிக் குடேன்."

அவருடைய கணவர் இருபது வருஷத்துக்கு மேல் சுரங்கத்துக்குள்ளே வேலை பார்த்தவர். சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. அதாவது, அவர் கடைசியாகக் கூண்டில் ஏறி மேலே வந்து கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. அவர் உடம்பு இன்னும் கீழேதான் இருக்கிறது.

"ஊசி வேண்டாம் அக்கா" என்று சொன்னேனே தவிர, வேறு என்ன வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

நான் கோலார் மாவட்டத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 27 ஆண்டுகள் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். டாக்டர் அல்லன். ஆனால் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சீட்டைப் பார்த்து மருந்து கொடுப்பவனுக்கு ஊரின் நோய் ஓரளவு தெரிந்துவிடும். தலைவலி, முதுகுவலி, நெஞ்சு படபடப்பு, வயிற்றில் எரிச்சல், கை கால் குடைச்சல் என்று மாதாமாதம் வரும் முகங்கள் உண்டு. அவர்களுக்கு வலி மாத்திரை, பி காம்ப்ளெக்ஸ், ரொம்பக் கெஞ்சினால் டயஸிபாம். எங்களுக்குள் இவர்களுக்கு ஒரு கேலிப் பெயர் கூட இருந்தது. அதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. இத்தனை வருஷத்தில் அவர்களில் ஒருவரிடமாவது, "ராத்திரி தூங்கறீங்களா? கெட்ட கனவு வருதா?" என்று நான் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவும் இல்லை.

இத்தனைக்கும் நான் அந்தக் கேள்விகளுக்கான பதிலுடனேயே வளர்ந்தவன். என் நைனா 1960-களில் ஓர் 'ஏர் பிளாஸ்ட்'டில் சிக்கி உயிர் பிழைத்தவர். இளைய வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ஆழத்தில் தாதுக்கல்லை வெட்டி எடுக்க எடுக்க, மிச்சம் நிற்கும் பாறையின்மேல் பாரம் ஏறும். ஒரு நேரத்தில் அது தாங்காமல் குண்டு போல் வெடித்துச் சிதறும். இதைத்தான் நம் ஜனங்கள் ஏர் பிளாஸ்ட் என்றார்கள். மேலே லைன் வீடுகளில் பரணிலிருந்து பாத்திரம் உருளும். சுவர் விரிசல் விடும். உடனே பெண்கள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஷாஃப்டை நோக்கி ஓடுவார்கள், யார் வீட்டு ஆள் என்று தெரிந்துகொள்ள. சுரங்கம் மூடி உள்ளே தண்ணீர் நிரம்பிய பிறகும் தரை அதிர்ந்ததுண்டு. அந்த அதிர்வில் வாசலுக்கு ஓடி வந்த கிழவிகளை நானே பார்த்திருக்கிறேன்.

நைனாவுக்குக் காலில் எலும்பு முறிவு. ஆஸ்பத்திரியில் நன்றாகவே சேர்த்துக் கட்டினார்கள். ஆனால் அதன் பிறகு அவர் கூரைக்குக் கீழே படுத்ததில்லை. மழைக் காலத்திலும் வாசலில் கட்டில். நடு இரவில் எழுந்து உட்கார்ந்து சுவரைக் கையால் தடவிப் பார்ப்பார். யாராவது கேட்டால் அம்மா எங்களிடம், "நைனாவுக்குப் பயம்னு வெளியே சொல்லாதே, வயித்து வலின்னு சொல்லு" என்பார்கள். ஆண்பிள்ளைக்குப் பயம் என்பது மானக்கேடு; வயிற்று வலிக்கு மானம் போகாது. பிறகு சாராயம் வந்தது. சாராயத்தைப் பற்றி எல்லோரும் அவரைத் திட்டினார்கள், நானும்தான்.

எங்கள் வயலின் துக்கம் ஏர் பிளாஸ்ட்டோடு தீரவில்லை. பாறைத் தூசி நுரையீரலில் படிந்து வரும் சிலிக்கோசிஸ் இன்னொன்று. 1940-களில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட தங்கவயல் தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்த நோய் இருந்தது. வீட்டு ஆண் மூச்சு வாங்கி வாங்கி வருஷக்கணக்கில் சாவதைப் பார்த்துக்கொண்டே இருப்பது எப்படிப்பட்ட காயம் என்பதை லைனில் வாழ்ந்த பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். மூன்றாவது, 2001. 120 வருஷமாக ஷிப்ட் சங்கு ஊதிய ஊரில் ஒரு நாள் சங்கு ஊதாமல் போனது. வேலை போனது மட்டுமா? நம் பாட்டனார்கள் வட ஆற்காட்டிலிருந்தும் சேலம், சித்தூர் பக்கத்திலிருந்தும் வந்து, சேரிக்குள் அடைபட்ட வாழ்க்கையை உதறி, "நான் மைன்ஸ்காரன்" என்று தலை நிமிர்ந்த ஊர் அது. அந்தத் தலை நிமிர்வும் சேர்ந்து போயிற்று.

பாறை எப்போது வெடிக்கும் என்று அறியப் பூமிக்கடியில் கருவிகள் வைத்தார்கள். தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனமே 1988-ல் தங்கவயலில்தான் தொடங்கப்பட்டது. நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் பாறைக்குப் பக்கத்தில் நின்றவனின் நடுக்கத்தை யாரும் குறித்து வைக்கவில்லை.

இதற்கு இப்போது மருத்துவத்தில் பெயர் இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் வியட்நாம் போருக்குப் பிறகு, 1980-ல், தங்கள் நோய்ப் பட்டியலில் இதைச் சேர்த்தார்கள். யாழ்ப்பாணத்து மருத்துவர்கள் தமிழில் 'மனவடு' என்கிறார்கள். வடு என்பது எவ்வளவு பொருத்தமான சொல்! எல்லோருக்கும் இது நோயாகிவிடும் என்று எண்ண வேண்டாம். பெரும்பாலோர் உற்றார் உறவினர் துணையால் தாமாகவே தேறி விடுகிறார்கள். தேறாதவர்களைப் பற்றித்தான் பேச்சு.

"நிம்ஹான்ஸ் பெங்களூரில்தானே இருக்கிறது, அழைத்துப் போகலாமே" என்று என் மகனே கேட்டான். உலகப் புகழ் பெற்ற நிறுவனம்தான், சந்தேகமில்லை. ஆனால் கோரமண்டலில் இருப்பவர் அங்கே போக வேண்டுமானால் விடியற்காலை வண்டி, பிறகு பஸ், வரிசை, கூட வருகிறவருக்கும் சேர்த்து ஒரு நாள் கூலி நஷ்டம். இவை எல்லாவற்றையும் விட, "பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குப் போனான்" என்ற பெயர். கையில் புண் வந்தால் யாரும் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுவதில்லை. தெருக்கோடியில் கட்டுப் போட்டுக்கொள்கிறோம். மனசுப் புண்ணுக்கும் முதல் கட்டு அங்கேயே போடப்பட வேண்டும் என்பதுதான் என் வாதம்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பும் அல்ல. 1978-ல் ஆல்மா ஆட்டாவில் உலக நாடுகள் கூடி ஆரம்ப சுகாதாரமே அடிப்படை என்று அறிவித்தன. நம் நாட்டின் தேசிய மனநலத் திட்டம் 1982-ல் வந்தது. அதை நடைமுறையில் செய்து பார்த்த இடம் நம் கர்நாடகத்துப் பல்லாரி மாவட்டம்தான். 1980-களில் நிம்ஹான்ஸ் அங்கே ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களுக்கும் ஊழியர்களுக்கும் பயிற்சி கொடுத்தது. அந்த மாதிரியைத்தான் 1996-ல் மாவட்ட மனநலத் திட்டமாக நாடு எடுத்துக்கொண்டது. 1984-ல் போபாலில் விஷவாயு கசிந்த பிறகு அத்தனை ஆயிரம் பேருக்கு மனநல மருத்துவர்கள் எங்கே கிடைப்பார்கள்? 1985-ல் அங்கிருந்த பொது மருத்துவர்களுக்கே பயிற்சி தந்தார்கள். கோவாவில் டாக்டர் விக்ரம் பட்டேல் குழுவினர், மருத்துவப் படிப்பு இல்லாத உள்ளூர்க்காரர்களைப் பழக்கி, சுகாதார நிலையத்திலேயே மனச்சோர்வு உள்ளவர்களோடு பேச வைத்தார்கள். அரசு நிலையங்களில் அது பலன் தந்தது என்று 2010-ல் நிரூபித்தார்கள். குடிப் பழக்கத்துக்கும் அதே முறை பயன்பட்டதை 2017-ல் வெளியிட்டார்கள். இலங்கையின் வடக்கில், போர் நடந்த காலத்தில், விரல் விட்டு எண்ணக்கூடிய மனநல மருத்துவர்களே இருந்தபோது, டாக்டர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் கிராமத்து ஊழியர்களையும் ஆசிரியர்களையும் பயிற்றுவித்தார்கள். குண்டு விழும் ஊரில் செய்ய முடிந்தது நம் ஊரில் முடியாதா?

"ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை, இதை வேறு சேர்க்கிறீரா?" என்று என் பழைய சகாக்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்க்கும் டாக்டருக்கு ஓர் ஆளுக்கு மூன்று நிமிஷம் கூடக் கிடைக்காது. ஆனால் அந்த நூறு பேரில் மாதாமாதம் வலி என்று வருபவர்களுக்கு நாம் ஏற்கெனவே நேரம் செலவழித்துக்கொண்டுதான் இருக்கிறோம், பயனில்லாமல். தூக்கம் எப்படி, பழைய சம்பவம் கண் முன்னே வருகிறதா, சத்தத்துக்குத் திடுக்கிடுகிறீர்களா, எதையாவது நினைத்து ஓர் இடத்துக்குப் போகாமல் தவிர்க்கிறீர்களா, குடி எவ்வளவு, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா — இந்தக் கேள்விகளை நர்ஸோ ஆஷா ஊழியரோ கேட்கலாம். எல்லோரையும் சம்பவத்தைச் சொல் சொல் என்று குடைய வேண்டியதில்லை. அது தீங்காகக் கூட முடியலாம். காது கொடுத்தால் போதும். தேவைப்படுகிறவர்களை டாக்டரிடமும், கடினமானவர்களை மேல் ஆஸ்பத்திரிக்கும் அனுப்பட்டும். பிறகு அவர்கள் திரும்பி வந்தார்களா என்று வீடு தேடிப் பார்க்க வேண்டும். இரத்த அழுத்தக்காரருக்கு அட்டை வைத்துத் தொடர்கிறோமே, அதே மாதிரி.

டயஸிபாம் விஷயத்தில் ஒரு மருந்தாளுநனாக ஒரு வார்த்தை. அதிர்ச்சிச் சம்பவத்துக்கு அடுத்த முதல் மாதத்தில் இவ்வகை மாத்திரையை அதற்கு வைத்தியமாகக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013-ல் சொல்லியிருக்கிறது. அதில் பழக்கமாகிவிட்டால் விடுவது பெரும்பாடு. பழகியவர்கள் சட்டென்று நிறுத்தவும் கூடாது. டாக்டர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

இப்போது தங்கவயலுக்கே உரிய இரண்டு சிக்கல்களைச் சொல்லியாக வேண்டும். ஒன்று, நேரம். சுகாதார நிலையம் காலையில் திறந்து மாலையில் மூடுகிறது. வேலை செய்யும் வயதில் உள்ள எங்கள் ஜனங்களோ விடியுமுன் மாரிகுப்பம் வண்டியைப் பிடித்துப் பெங்களூருக்குக் கூலிக்குப் போய், இரவு எட்டுக்கும் ஒன்பதுக்கும் வந்து இறங்குகிறார்கள். மாநில அரசு 'மனோசைதன்ய' என்ற பெயரில் செவ்வாய்க்கிழமைகளில் தாலுகா மருத்துவமனைகளுக்கு மனநல மருத்துவர் வர ஏற்பாடு செய்தது. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் செவ்வாய்க்கிழமை பகலில் கோரமண்டல் லைனில் யார் இருக்கிறார்கள்? கிழவர்களும் குழந்தைகளும். சுரங்கம் போனபோது தகப்பன் குடித்ததையும் அடித்ததையும் பார்த்து வளர்ந்த பிள்ளை, ரயிலில் நின்றுகொண்டே தூங்கிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு ஞாயிறு காலைதான் ஆஸ்பத்திரி.

இரண்டாவது, மொழி. காய்ச்சலைக் கன்னடத்தில் சொல்லிவிடலாம். நம்மவர்கள் நன்றாகவே கன்னடம் பேசுகிறார்கள். பயத்தைத் தாய்மொழியில்தான் சொல்ல முடியும். இதை மொழிச் சண்டையாக யாரும் கொள்ள வேண்டாம். எனக்குத் தெரிந்த மிக நல்ல நர்ஸ்கள் கன்னடக்காரர்கள். பக்கத்தில் தமிழ் தெரிந்த ஒருவர் உட்கார்ந்தால் போதும் என்று அவர்களே சொல்வார்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் 14416 எண்ணில் தமிழிலும் கன்னடத்திலும் இலவசமாகப் பேசலாம். இதை நம் லைன்களில் எத்தனை பேர் அறிவார்கள்? துக்க வீட்டில் நான் கேட்டுப் பார்த்த பதினோரு பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

ஆகவே சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம். ஆண்டு விழாவுக்குப் பட்டிமன்றம் வைக்கிறோம், பொங்கலுக்குக் கோலப் போட்டி வைக்கிறோம். வைப்போம், நானும் நடுவராக இருந்தவன்தான். அதோடு, ஞாயிற்றுக்கிழமை ஒரு வேளையாவது தங்கவயலில் ஒரு சுகாதார நிலையத்தைத் திறந்து வைக்க மாவட்ட சுகாதார அதிகாரியிடம் சங்கத்தின் பெயரால் மனு கொடுக்க வேண்டும். அங்கே உட்கார்ந்து தமிழில் பேச, முறையாகப் பயிற்சி பெற்ற நாலு பேரை நாம் தர வேண்டும். ஓய்வு பெற்ற ஆசிரியைகள், நர்ஸ்கள் நம் உறுப்பினர்களில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பயிற்சிக்கு நிம்ஹான்ஸ் நம் வீட்டு வாசலில் இருக்கிறது.

அக்காவின் கணவரைப் போன வாரம் மறுபடி போய்ப் பார்த்தேன். வாசலில் கட்டில் போட்டுப் படுத்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, "மாமா, எந்த ஷாஃப்ட்ல வேலை பார்த்தீங்க?" என்று மட்டும் கேட்டேன். ஒன்றரை மணி நேரம் பேசினார். கடைசியில் எழுந்து, டீ வாங்கித் தருகிறேன் வா என்று தானே கடைத்தெரு வரை நடந்து வந்தார். அன்று ராத்திரி தூங்கினாரா என்று எனக்குத் தெரியாது. வரும் ஞாயிறு அவரை டாக்டரிடம் அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எந்த டாக்டரிடம் என்றுதான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.