டூல் உடைந்தால் மெஷினே கண்டுபிடிக்கும்! சிஎன்சி ஆபரேட்டர் வேலைக்கு ஆபத்தா?

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் ஐடிஐ முடிக்கும் இளைஞர்கள் பலர் வேலைக்காகப் போகும் இடங்கள் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், புதுச்சேரி. அங்கே கிடைக்கும் வேலைகளில் ஒன்று சிஎன்சி ஆபரேட்டர். இப்போது டூலை அளப்பது, உடைந்த டூலைக் கண்டுபிடிப்பது இரண்டையும் மெஷினே செய்யத் தொடங்கிவிட்டது. அப்படின்னா ஆளுக்கு என்ன வேலை? விரிவாகப் பார்க்கலாம்.

டூல் செட்டிங் என்றால் என்ன?

ஒரு மெஷினிங் சென்டரில் 20 டூல்கள் மாட்டியிருக்கும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளம். அதை அளந்து மெஷினுக்குச் சொல்வதைத்தான் 'ஆஃப்செட் போடுறது' என்கிறார்கள். கையால் செய்யும்போது, டூலை மெல்ல இறக்கி, ஜாப் மேல் வைத்த பேப்பர் லேசாகப் பிடிக்கும் இடத்தைப் பார்த்து, அந்த எண்ணை டைப் செய்ய வேண்டும். புள்ளி ஒரு இடம் தள்ளிப்போனாலும் டூல் நேராகப் போய் ஜாப்பில் இடிக்கும். ஸ்பிண்டில் அடி வாங்கினால் மெஷின் நாள் கணக்கில் நிற்கும்.

மெஷின் எப்படி அளக்கிறது?

டேபிளில் சின்னதாக ஒரு டூல் செட்டர் இருக்கும். டூல் அதைத் தொட்டதும் சிக்னல் போகும், நீளம் தானாகப் பதிவாகும். லேசர் வகையில் தொடவே வேண்டாம். டூல் ஒளிக்கற்றையை மறைக்கும் இடத்தை வைத்தே அளந்துவிடும். அழுத்தினால் ஒடிந்துவிடும் மெல்லிய டூல்களுக்கு இதுதான் ஏற்றது.

'தொட்டால் சிக்னல்' என்ற யோசனை புதிதல்ல. கான்கார்ட் விமான இன்ஜின் குழாய்களை அளக்க, ரோல்ஸ் ராய்ஸில் இருந்த டேவிட் மெக்மர்ட்ரி 1970-களின் தொடக்கத்தில் உருவாக்கியது. அதிலிருந்து 1973-ல் பிறந்ததுதான் ரெனிஷா நிறுவனம்.

டூல் உடைந்தால் என்ன ஆகும்?

நஷ்டம் ஒரு டிரில்லோடு நிற்காது. டிரில் பாதியில் உடைந்தால் துளை முழுசாக விழாது. அது தெரியாமல் அடுத்து வரும் டேப் அதே இடத்தில் இறங்கி அதுவும் உடையும். கடைசியில் ஜாப்பே ஸ்கிராப். ராத்திரி ஷிப்டில் ஒரே ஆள் மூன்று மெஷினைப் பார்க்கும்போது, இது வரிசையாகப் பல ஜாப்களில் நடக்கலாம்.

தானியங்கிச் சோதனையில், டிரில் வேலை முடித்ததும் சில நொடிகளில் அதன் நீளம் சரிபார்க்கப்படும். குறைந்திருந்தால் மெஷின் நின்று அலாரம் அடிக்கும். இல்லையென்றால், தயாராக வைத்திருக்கும் மாற்று டூலை எடுத்துக்கொள்ளும்.

முழுசா நம்பலாமா?

கூடாது. லேசர் பாதையில் கூலன்ட்டோ சிப்ஸோ வந்தால் தவறான அளவு காட்டலாம். மேலும், டூல் வெட்டி முடித்த பிறகுதான் உடைந்தது தெரியும். ஸ்பிண்டில் லோடை வைத்து உடனே பிடிக்கும் முறையும் உண்டு. ஆனால் மெல்லிய டிரில்களில் லோடு மாற்றம் மிகக் குறைவு என்பதால் அது கோட்டை விடலாம்.

வேலை போகுமா?

டூலைத் தொட்டு எண் டைப் செய்யும் வேலை குறையும். ஆனால் எந்த டூலை எப்போது சோதிப்பது, எவ்வளவு குறைந்தால் நிறுத்துவது, ஏன் உடைந்தது என்பதையெல்லாம் முடிவு செய்ய ஆள் வேண்டும். வெறும் பட்டன் அழுத்துபவருக்கு ஆபத்து. ஆஃப்செட், மேக்ரோ புரிந்தவருக்கு மதிப்பு கூடும்.

தமிழ்நாடு அரசு, டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐடிஐ-களை சுமார் 2,877 கோடி ரூபாயில் 'தொழில் 4.0' மையங்களாக மாற்றும் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2023 ஜூனில் ஒரகடத்தில் முதல்வர் ஸ்டாலின் இதைத் தொடங்கி வைத்தார். அட்வான்ஸ்டு சிஎன்சி மெஷினிங் பயிற்சியும் இதில் உண்டு.

ஐடிஐ-யில் சேரப் போகிறீர்களா? டூல் செட்டரில் நம்ம கையாலேயே பழக விடுவாங்களா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். அதேசமயம், பேப்பர் வைத்து ஆஃப்செட் போடும் பழைய முறையையும் விட்டுவிடாதீர்கள். மெஷின் காட்டும் எண் தப்பு என்று சந்தேகம் வர, சரியான எண் எப்படி வரும் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும்.