பாடும் மொழி யாருடைய மொழி?

இசைக்கு மொழி இல்லை என்பார் எந்நாட்டிலும் உளர். அவர் கூற்று மெய்யாயின், அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் 1976-ஆம் ஆண்டு தோன்றிய செயிண்ட் லூயிசு இசைநாடகக் குழு, பிறமொழி நாடகங்களைத் தன் மக்கள் மொழியாகிய ஆங்கிலத்திற் பெயர்த்தே பாடுவது என உறுதி பூண்டிருக்க வேண்டியதில்லை.

கோடை தொடங்கும் மே, சூன் திங்கள்களில் நான்கு நாடகங்களை மாற்றி மாற்றி நடத்துதல் அக்குழுவின் வழக்கம். அது நெடுங்காலம் பாடிய அரங்கு சிறியது; 1000 இருக்கைக்கும் குறைவு. பாடுவோர் வாயசைவு கடைசி வரிசைக்கும் தெரியும். நாடகத்திற்கு முன் மக்கள் சுற்றத்தோடு புல்வெளியில் அமர்ந்து மாலையுணவு உண்பர்.

ஓபரா என மேலையர் வழங்கும் இக்கலையில் உரையாடலும் பெரும்பாலும் பாட்டாகவே நிகழும். ஒருவன் சொல்லும் பொய்யும், மற்றவன் கொள்ளும் ஐயமும் பாட்டினுள்ளேயே உள்ளன. சொல் விளங்காதார்க்கு எஞ்சுவன குரலும் உடையும் விளக்கொளியுமே. 1600-ஐ ஒட்டி இத்தாலியின் புளோரன்சு நகரப் புலவரும் இசைஞரும் இதனைத் தோற்றுவித்ததன் நோக்கமும் அதுவே: பல குரற் பின்னலில் மூழ்கிப்போன பாட்டின் சொல்லை மீட்டல். அவர்கள் தம் மொழியிற் பாடினர். வியன்னாவில் இத்தாலியம் கோலோச்சிய காலத்தில், மொசார்ட்டு 1791-இல் 'மாயக் குழல்' நாடகத்தைப் புறநகர் அரங்கொன்றில் செருமானிய மொழியில் அரங்கேற்றினார்.

மறுப்போர் கூற்றிலும் உண்மை உண்டு. இசையமைத்தவர் தம் மொழியின் உயிரொலிகளை எண்ணியே நீண்ட இசையை வைத்தார். இத்தாலியச் சொற்கள் பெரும்பாலும் உயிரில் முடிவன. ஆங்கிலச் சொற்களோ பல மெய்யில் முடிவன. பெயர்த்துப் பாடுங்கால் இசை முட்டி நிற்றல் கூடும். அது பெயர்ப்பாளர் திறத்தாற் களையத்தக்க இடரேயன்றி, விளங்காமொழியைத் தொழுதற்குரிய ஏது அன்று. 1983-இல் கனடாவின் தொராண்டோ நகரில் மேடைக்கு மேலே பொருளை எழுதிக் காட்டும் முறை வந்தபின், 'இனிப் பெயர்ப்பு எதற்கு?' என்னும் கேள்வி வலுத்தது. செயிண்ட் லூயிசுக் குழுவும் எழுதிக் காட்டுகிறது; ஆயின் அங்குக் கண் படிப்பதும் காது கேட்பதும் ஒரே மொழி. பிற அரங்குகளிலோ, பாடகர் ஒரு மொழியில் நகைச்சுவையைத் தொடங்குமுன்னரே அவையோர் வேறொரு மொழியிற் படித்துச் சிரித்து முடித்துவிடுகின்றனர்!

ஆங்கிலத்திற்கு இத்துணைப் பாராட்டா என அன்பர் சிலர் முகஞ்சுளிக்கலாம். பிறர் வீட்டிற் புகுந்து ஆளும் ஆங்கிலம் வேறு. தன் வீட்டிற் பேசப்படும் ஆங்கிலம் வேறு.

அவ்வுறுதியின் பெரும்பயன் பெயர்ப்புகளில் இல்லை. அம்மக்கள் நாவிலேயே பிறந்த நாடகங்களில் உள்ளது. கறுப்பினத்து இசைஞர் இசுக்காட் சோப்ளின் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செயிண்ட் லூயிசில் வாழ்ந்தவர். சொல்லும் இசையும் தாமே இயற்றிய 'திரீமோனிசா' நாடகத்தை 1911-இல் தம் பொருளிலேயே அச்சிட்டார். கதை 1884-இல் ஆர்க்கன்சா மாநிலத்துத் தோட்டமொன்றில் நிகழ்வது. அடிமைத்தளை நீங்கியும் அறியாமை நீங்காத மக்களிடம் ஏய்ப்போர் சிலர் நல்லூழ்ப் பை விற்று, அச்சுறுத்திப் பிழைக்கின்றனர். கல்வி கற்ற இளநங்கை திரீமோனிசா அவர்களை எதிர்த்து நின்று, முடிவில் ஊர்க்கே தலைவியாகின்றாள். ஊரார் வட்டார வழக்கிலும் அவள் செவ்விய நடையிலும் பாடுவது, மொழிநூல் கற்றார் நுணுகி நோக்கத்தக்க அமைப்பு. முழு அரங்கேற்றம் காணாமலேயே 1917-இல் சோப்ளின் மறைந்தார். 1972-இல்தான் அட்லாண்டா நகரில் நாடகம் மேடையேறிற்று. 1976-இல் புலிட்சர் சிறப்புப் பரிசு அவர் பெயருக்கு வந்தது. செயிண்ட் லூயிசுக் குழு 2023 கோடையில், புதிய முற்காட்சியும் பிற்காட்சியும் சேர்த்து, அவர் வாழ்ந்த நகரிலேயே அதனை நடத்தியது.

அக்குழு 2013-இல், குத்துச்சண்டை மறவர் எமில் கிரிபித்தின் வாழ்க்கையை டெரன்சு பிளாஞ்சார்டு இசையமைத்த 'சாம்பியன்' நாடகமாக அரங்கேற்றியது. 2019-இல் அவருடைய 'என் எலும்புக்குள் அடைபட்ட நெருப்பு' வந்தது. 1883 முதல் நடக்கும் நியூயார்க்கு மெட்ரோபாலிட்டன் அரங்கு, இத்தாலியமும் செருமானியமும் பிரெஞ்சும் மிகுதியாக ஒலிக்கும் பேரரங்கு, 2021-இல் அதனை ஏற்றது. கறுப்பின இசைஞர் ஒருவரின் நாடகம் அம்மேடையேறியது அதுவே முதன்முறை. 138 ஆண்டுகள்! பெருநகரின் பெருஞ்செல்வம் செய்யாததை, நாட்டின் நடுவே ஆயிரம் பேருக்குப் பாடிய குழு செய்து கொடுத்தது. 'சாம்பியன்' 2023-இல் அங்குப் போயிற்று.

2025-இல் அக்குழுவின் ஐம்பதாம் கோடைப் பருவம் நடந்தது. தோனிசெத்தியின் பழைய இத்தாலிய நாடகமாகிய 'தோன் பாசுகுவாலே' அவ்வாண்டும் ஆங்கிலத்திலேயே பாடப்பெற்றது. அதனோடு 'இந்த வீடு' என்னும் புதிய நாடகமும் அரங்கேறிற்று. அதன் சொற்களை எழுதியோர் இலின் நோட்டேச்சு என்னும் தாயும், அவர் மகளும்.