அம்மா வீட்டு விளக்கு

வானொலியில் பேசுகிறவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. வாய் தவறிச் சொன்னதைக் காற்றிலிருந்து திரும்பப் பிடிக்க முடியாது.

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை. மியன்மாரில் 7.7 அளவில் நிலநடுக்கம். மதிய நிகழ்ச்சியில் நான் இருந்தேன். 1,000 கிலோமீட்டருக்கு அப்பால், பேங்காக்கில் கட்டிக்கொண்டிருந்த முப்பது மாடிக்கும் அதிகமான அரசாங்கக் கட்டடம் அப்படியே சரியும் காணொளி கைப்பேசிக்கு வந்தது. செய்தியைச் சொல்லிவிட்டு, நேயர்களைத் தேற்றுவதாக நினைத்து, "நல்லவேளை, நமக்கு அந்தக் கவலை இல்லை" என்று ஒரு வரி சேர்த்தேன். பாடலைப் போட்டேன்.

பாடல் முடிவதற்குள் ஓர் அழைப்பு. "தம்பி, ரானாவை மறந்துட்டீங்களா?"

2015 ஜூன் 5. சபா, ரானாவில் 6.0 அளவில் நிலநடுக்கம். கினாபாலு மலையில் 18 உயிர்கள் போயின. சிங்கப்பூரிலிருந்து வந்த பள்ளிப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். மறந்துதான் போயிருந்தேன்.

அழைத்தவர் கட்டுமானத் தளங்களில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்த வாரம் மாமாக் கடையில் சந்தித்தோம். தே தாரிக் வருவதற்குள், பழைய நாளிதழில் சுற்றிய இரண்டு கம்பி வளையங்களை மேசையில் வைத்தார். தூணுக்குள் நெட்டாக நிற்கும் கம்பிகளைச் சுற்றிக் கட்டுகிற வளையங்கள். ஒன்றின் முனைகள் 90 பாகையில் மடிந்திருந்தன. மற்றொன்றின் முனைகள் 135 பாகைக்கு, கொக்கி போல உள்ளே வளைந்திருந்தன.

"வித்தியாசம் இவ்வளவுதானா அங்கிள்?"

"இவ்வளவுதான். ஈர்க்குமாறு கட்டு அவிழ்ந்தா என்ன ஆகும்?"

நிலம் ஆடும்போது முதலில் உதிர்வது தூணின் மேல்காரை. 90 பாகை முனை அந்தக் காரையை நம்பித்தான் இருக்கிறது. காரை போனால் வளையம் விரியும், உள்ளே கம்பிகள் பிதுங்கும், தூண் நொறுங்கும். 135 பாகை முனையோ தூணின் நடுப்பகுதிக்குள் புதைந்திருக்கிறது. மேலே உதிர்ந்தாலும் கட்டு அவிழாது.

அடுத்த பாடத்துக்கு ரொட்டி சானாய் வந்துவிட்டது. தூணைவிட உத்திரம்தான் முதலில் விட்டுக்கொடுக்க வேண்டுமாம். உத்திரம் விரிசல் விட்டால் அந்த ஆட்டத்தின் வேகத்தை அது வாங்கிக்கொள்ளும். தூண் ஒடிந்தால் மேல் மாடி கீழ் மாடியின் மேல் உட்கார்ந்துவிடும். "கட்டடம் கெட்டுப் போகலாம் தம்பி. உள்ளே இருக்கிறவன் நடந்து வெளியே வரணும். அதுதான் கணக்கு."

2001 ஜனவரி 26 குஜராத் நிலநடுக்கத்தையும் சொன்னார். மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் விழுந்தன. விழுந்தவற்றில் பலவற்றில் மேலே வீடுகள், செங்கல் சுவர்கள். கீழே கார் நிறுத்த வெறும் தூண்கள். மேல்பகுதி ஒரே பெட்டியாக இறுகி நிற்க, ஆட்டம் முழுவதும் கீழ்த்தளத் தூண்களின் தலையில் இறங்கியது. கீழ்த்தளத்தைத் திறந்து விடுவதென்றால், அங்கே கான்கிரீட் சுவர்களும் பலமான தூண்களும் வேண்டும்.

"ஆனா அவ்வளவு தூரத்து ஆட்டம் இங்கே எப்படி?" என்றேன். படபடவென்று அதிரும் அலைகள் பக்கத்திலேயே அடங்கிவிடுமாம். மெதுவாக ஆடும் அலைகள்தான் நெடுந்தூரம் போகும். மென்மையான மண் அவற்றைப் பெரிதாக்கும். மெதுவாக ஆடுவது உயரமான கட்டடங்களின் இயல்பு. இரண்டும் ஒத்துப்போனால் ஊஞ்சலைத் தள்ளுவது போலத்தான்.

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. 2009 செப்டம்பர் 30, மாலை ஆறு மணிக்கு மேல். நான் பல்கலைக்கழக விடுதியில். கோலாலம்பூரில் 14ஆவது மாடியிலிருந்து அம்மா அழைத்தார். "டேய், சாமி விளக்கு தானா ஆடுதுடா." நான் கேட்டது: "பிரஷர் மாத்திரை போட்டீங்களாம்மா?" அன்று 400 கிலோமீட்டருக்கு அப்பால் பாடாங்கில் 7.6. அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அம்மா பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு 14 மாடி படியிறங்கியது இரவுதான் எனக்குத் தெரிந்தது.

நம் நாட்டில் நெடுங்காலம் கட்டடங்களை வடிவமைத்தது பிரிட்டிஷ் விதிமுறையை வைத்து. காற்றுக்குக் கணக்கு உண்டு, நிலநடுக்கத்துக்கு இல்லை. ஐரோப்பிய நிலநடுக்க விதிமுறைக்கு மலேசியப் பின்னிணைப்பு வந்தது 2017இல்தான். அதற்காக நேற்று கட்டியதெல்லாம் நாளை விழும் என்று அர்த்தமில்லை. "பயப்படச் சொல்லல. கேட்கச் சொல்றேன்" என்றார் அவர்.

கேட்கலாம். புதுவீடு வாங்கும்போது சமையலறைக் கேபினெட்டுக்கு என்ன நிறம் என்று அரைமணி நேரம் பேசுகிறோம். நிலநடுக்கத்துக்கும் கணக்குப் போட்டு வடிவமைத்தார்களா என்று ஒரு வார்த்தை கேட்டால் குறைந்துவிட மாட்டோம். வீட்டைப் புதுப்பிக்கும்போது, இடம் அகலமாகட்டும் என்று தூணிலோ உத்திரத்திலோ சுத்தியல் வைக்க வந்தால், பொறியாளர் சொல்லும்வரை வேண்டாம் என்று நிறுத்தலாம்.

அடுத்த நிகழ்ச்சியில் என் வரியை நானே திருத்திக்கொண்டேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு காலை, ஜொகூர் சிகாமட்டில் 4.1. அம்மா அழைத்தார். "விளக்கு ஆடல. ஆனா செய்தி பார்த்தேன்."

இந்த முறை மாத்திரையைப் பற்றி நான் கேட்கவில்லை.