சொன்னதை வரைந்தார், அவ்வளவுதானா?

ஓவியர்களுக்குப் பரிந்து பேசுகிறேன் பேர்வழி என்று சிலர் அடிக்கடி ஒரு வசனம் விடுவார்கள். "அவர் கலைஞருங்க. அரசியல் எல்லாம் அவருக்குத் தெரியாது. வரையச் சொன்னாங்க, வரைஞ்சார்." கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கலைஞனை இதைவிடக் கேவலப்படுத்த முடியாது என்பது என் கட்சி. அவனுக்குக் கை மட்டும்தான் இருந்தது, மண்டை இல்லை என்பதுதானே இதற்கு அர்த்தம்?

இந்த வசனம் கொஞ்சமும் பொருந்தாத ஒரு ஆளைப் பற்றித்தான் இந்தப் பதிவு. பெயர் வில்மோஷ் ஆபா-நோவாக். ஹங்கேரிக்காரர். 1894 மார்ச் 15ல் புடாபெஸ்ட்டில் பிறந்து 1941 செப்டம்பர் 29ல் அதே ஊரில் இறந்தார். 47 வயதுதான். இருபதாம் நூற்றாண்டு ஹங்கேரியின் சுவரோவியம் என்று பேச்செடுத்தால் முதலில் வரும் பெயர்களில் ஒன்று. பிறந்த தேதியைக் கவனியுங்கள். மார்ச் 15 என்பது 1848 புரட்சி வெடித்த நாள், ஹங்கேரிக்காரர்களுக்குப் பெரிய தேசிய நாள். பின்னால் தேசத்தின் பெருமையைச் சுவர் சுவராக வரையப் போகிறவருக்குத் தேதி என்னவோ பொருத்தமாகத்தான் அமைந்திருக்கிறது!

(பி.காம் படிக்கிற உனக்கு ஓவியத்தோடு என்னப்பா வேலை என்று கேட்பவர்களுக்கு: சுவரோவியத்தில் பாதி கணக்கு வழக்குதான். கீழே படியுங்கள்.)

மனிதர் சும்மா உட்கார்ந்து படம் போட்டவர் இல்லை. முதல் உலகப் போரில் சிப்பாயாகப் போய்க் காயத்தோடு திரும்பியவர். ஆரம்பத்தில் உலோகத் தகட்டில் கோடு செதுக்கி அச்சடிக்கும் படங்கள் செய்தார். இருட்டும் வெளிச்சமும் முட்டிக்கொள்ளும் படங்கள். அப்புறம் சோல்நோக் என்ற ஊரின் ஓவியர் குடியிருப்பு, கிராமத்துச் சந்தை, சர்க்கஸ் கூடாரம், கோமாளிகள். இந்தச் சர்க்கஸ் படங்கள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வண்ணம் கத்தும். முகங்கள் எல்லாம் மரத்தில் செதுக்கின மாதிரி இருக்கும், ஆனாலும் உயிரோடு இருக்கும்.

1928ல் அரசாங்க உதவித்தொகையில் ரோமுக்குப் போனார். அங்கே இருந்த ஹங்கேரியக் கல்விக்கழகத்தில் 1930 வரை இருந்தார். கல்வி அமைச்சர் குனோ கிளெபெல்ஸ்பெர்க் காலத்து ஏற்பாடு அது. ஓவியர்களை வழிநடத்தியவர் கலை வரலாற்றாசிரியர் திபோர் கெரெவிச். வெளியே முசோலினியின் இத்தாலி. பழைய இத்தாலியச் சுவர்களை ஒரு பக்கமும், புதிய ஆட்சிக்குப் புதிய ஓவியம் எப்படித் தயாராகிறது என்பதை இன்னொரு பக்கமும் பார்த்துவிட்டு ஊர் திரும்பினார்கள். இவர்களுக்கு 'ரோம் பள்ளி' என்றே பெயர் வந்தது. திரும்பி வந்தால் வேலை தயார். திருச்சபையிடம் சுவர் இருந்தது, அரசாங்கத்திடமும் சுவர் இருந்தது.

இப்போது கணக்குக்கு வருகிறேன். கேன்வாஸில் வரைபவன் முதலில் வரைகிறான், பிறகு வாங்க ஆள் தேடுகிறான். விற்கவில்லை என்றால் அறை மூலையில் சாத்தி வைக்கிறான். சுவரோவியத்தில் இது தலைகீழ். வாங்குகிறவர் முதலில், படம் பிறகு. சுவர் யாருடையது, பணம் யார் தருவது, மாதிரிப் படத்துக்குச் சம்மதம் சொல்வது யார் எல்லாம் முடிவான பிறகுதான் சாரமே கட்டுவார்கள். அசல் ஃப்ரெஸ்கோ முறை இன்னும் கறார். ஈரச் சுண்ணாம்புப் பூச்சின் மேல் நீரில் கரைத்த வண்ணம் போட வேண்டும். சுண்ணாம்பு இறுகும்போது வண்ணத்தையும் தன்னோடு பிடித்துக்கொள்ளும். அதனால் அன்றைக்கு எவ்வளவு வரைய முடியுமோ அவ்வளவுக்கு மட்டும்தான் கொத்தனார் பூசுவார். தப்பு வந்தால் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். ஆக, எந்த முகம் எங்கே, யார் உயரத்தில், யார் காலடியில் என்பதெல்லாம் முன்கூட்டியே யோசித்து வைக்கப்படுகிற தொழில் இது. "ஏதோ கை போன போக்கில் வந்துவிட்டது" என்று சொல்லத் தோதான இடமே கிடையாது.

1933ல் யாஸ்சென்ட்அந்த்ராஷ் என்ற சமவெளிக் கிராமத்துத் தேவாலயத்தை வரைந்தார். காலண்டர் சாமி படம் மாதிரி வழவழ அழகு அதில் கிடையாது. கரடுமுரடான ஆட்கள், கனமான உருவங்கள், சந்தையில் பார்த்த முகங்களைத் தூக்கி வந்து கடவுள் முன்னால் நிறுத்தின மாதிரி. அபாரமான வேலை. இதில் எனக்குச் சண்டையே இல்லை.

சண்டை செகெட் நகரத்தில் ஆரம்பிக்கிறது. அங்கே சாலைக்குக் குறுக்கே 'வீரர்கள் வாயில்' என்று ஒரு பெரிய வளைவு இருக்கிறது. கட்டடக் கலைஞர் மோரிட்ஸ் போகான். முதல் உலகப் போரில் இறந்த சுமார் 12,000 செகெட் வீரர்களின் நினைவாக 1936-37ல் எழுந்தது. சுவரோவியம் ஆபா-நோவாக். இறந்த சிப்பாய்களும் கிறிஸ்துவும் இருக்கிறார்கள். கூடவே அப்போது நாட்டை ஆண்டுகொண்டிருந்த மிக்லோஷ் ஹோர்த்தியும் நிற்கிறார்.

செகெட்டில் ஹோர்த்தி என்பது சாதாரண விஷயம் இல்லை. 1919ல் அவருடைய 'தேசியப் படை' திரண்டதே இந்த ஊரில்தான். அந்தப் படையின் அதிகாரிகள் நடத்திய கொலைகளுக்கு வரலாற்றில் 'வெள்ளைப் பயங்கரம்' என்று பெயர். கம்யூனிஸ்டுகள், யூதர்கள், ஏழை விவசாயிகள் என்று பலர் பலியானார்கள். 1920ல் ஹோர்த்தி ஆட்சித் தலைவர் ஆனார். அதே வருடம், பல்கலைக்கழகங்களில் யூத மாணவர்களைக் குறைப்பதற்காக ஒரு இட வரம்புச் சட்டம் வந்தது. நம் வயசுப் பசங்களைக் கல்லூரி வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பிய சட்டம்! 1937ல் சாரத்தில் ஏறும்போது ஆபா-நோவாக்குக்கு 43 வயது. இதெல்லாம் தெரியாது என்று சொன்னால் நம்புகிற மாதிரியா இருக்கிறது?

அந்தச் சுவர் செய்கிற காரியத்தைப் பாருங்கள். 12,000 பேர் செத்தது ஹோர்த்திக்காக இல்லை. அவர்கள் போனது பேரரசர் ஃபிரான்ஸ் யோசெப்பின் படையில். ஆனால் ஒரே வளைவில் அவர்களையும் இவரையும் சேர்த்து வைத்ததும், அவர்களுடைய சாவு இவருடைய கணக்கில் வரவாகிவிடுகிறது. எங்கள் பாஷையில் சொன்னால் தப்பான பேரேட்டில் ஏற்றிய பதிவு. அதை ஏற்றியவர் போர்முனையில் தானே காயம்பட்ட ஒரு சிப்பாய் என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

"அப்போ அழித்திருக்க வேண்டும் என்கிறாயா?" என்று பாயாதீர்கள். அதைத்தான் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த கம்யூனிஸ்ட் ஆட்சி செய்தது. ஓவியத்தின் மேல் பூசி மூடிவிட்டார்கள். பல பத்தாண்டுகள் செகெட் மக்கள் வெறும் சுவருக்கு அடியில் போய் வந்தார்கள். இதில் நியாயம் என்ன இருக்கிறது? "அப்பா, அங்கே நிற்கிற ஆள் யார்?" என்று ஒரு குழந்தை கேட்கவும் வழியில்லை, அப்பன் பதில் சொல்லித் திணறவும் வழியில்லை. குற்றச்சாட்டையும் சாட்சியையும் சேர்த்து ஒரே பூச்சில் புதைத்தாயிற்று. 2000 வாக்கில் ஓவியத்தை மறுபடி வெளியே கொண்டுவந்தார்கள். நல்ல காரியம். நான் அந்தப் பக்கம்தான்.

வெளியே வந்த பிறகு "ஆகா, பாரம்பரியம், இதில் அரசியல் பேசாதீர்கள்" என்று ஆரம்பிக்கிறார்களே, அங்கேதான் பற்றிக்கொண்டு வருகிறது. சுவரில் ஹோர்த்தியை ஏற்றியவர்கள் அரசியல் பேசவில்லையாம், அதைச் சுட்டிக்காட்டுகிற நான் பேசுகிறேனாம்! 1944 மே நடுவிலிருந்து ஜூலை முதல் வாரம் வரை, இதே ஹோர்த்தி பதவியில் இருக்கும்போதே, 4,30,000க்கும் மேற்பட்ட யூதர்கள் ஹங்கேரியிலிருந்து ரயிலேற்றப்பட்டார்கள். பெரும்பாலோர் போனது ஆஷ்விட்ஸுக்கு. அந்த ரயில்கள் செகெட்டிலிருந்தும் கிளம்பின. ஆபா-நோவாக் அதற்கு மூன்று வருடம் முன்னாலேயே இறந்துவிட்டார், அந்தப் பாவத்தை அவர் தலையில் கட்ட மாட்டேன். ஆனால் யூதர்களை வேலைகளிலிருந்து ஒதுக்குகிற முதல் சட்டம் 1938ல் வந்தபோது அவர் உயிரோடுதான் இருந்தார். அதே 1938ல் புனித இஸ்த்வான் மன்னர் இறந்து 900 ஆண்டு ஆனதைக் கொண்டாட, செகெஷ்ஃபெஹேர்வாரில் அவருடைய நினைவுமண்டபத்தை ஆட்சியாளர்களுக்காக வரைந்துகொண்டிருந்தார்.

"குடும்பம் குட்டி இல்லையா, சாப்பிட வேண்டாமா?" நியாயமான கேள்வி. பட்டினி கிட என்று யாரையும் சொல்ல எனக்கு அருகதை இல்லை. ஆனால் அதே 1894ல் பிறந்த இன்னொரு ஓவியர் இருந்தார், ஜூலா தெர்கோவிச். அவரும் அதே போரில் காயம்பட்டவர். தச்சு வேலை தெரிந்த தொழிலாளி. 1930ல் 'பயங்கரம்' என்று ஒரு படம் வரைந்தார், 1932ல் 'தலைமுறைகள்'. மாதிரிப் படத்துக்குச் சம்மதம் வாங்க அவர் யாரிடமும் போகவில்லை, அரசாங்கத்தின் சுவரும் அவரைத் தேடி வரவில்லை. வறுமையிலேயே 1934ல் இறந்தார், 40 வயது. பிறகு வந்த ஆட்சி அவரைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, 1955ல் அவர் பெயரில் இளம் ஓவியர்களுக்கு உதவித்தொகை கூட ஏற்படுத்தியது. செத்தவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை, அதனால் அந்த ஆட்சி செய்ததற்கெல்லாம் அவர் பொறுப்பாளி ஆக மாட்டார். ஆபா-நோவாக் விஷயம் அப்படி இல்லை. அவரிடம் கேட்டார்கள், அவர் சரி என்றார்.

எல்லோரும் தெர்கோவிச் ஆக முடியாது, ஒத்துக்கொள்கிறேன். செகெட் போகிறவர்கள் அந்த வளைவின் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள், அழகென்று சொல்லுங்கள். நானும் சொல்வேன். சர்க்கஸ் கோமாளியை யாரும் கேட்காமலே அத்தனை உயிரோடு வரைந்த கைக்கு, ஹோர்த்தியை எங்கே நிறுத்துகிறோம் என்பது மட்டும் தெரியாமல் போய்விட்டது என்று சொல்லாதீர்கள்.