அறிவோம் இவரை: சேர்ந்து நிற்கும் தாய்மார்



மகனைப் போரில் இழந்த ஒரு தாயின் கதை இது. அவர் ஜேர்மனியக் கலைஞர் கேத்தே கொல்விற்ஸ்.

கணவர் வைத்தியர். பேர்லினில் அவரிடம் மருந்துக்கு வந்த ஏழைப் பெண்களையே கேத்தே வரைந்தார். 1898இல் கண்காட்சிக்கு வைத்த நெசவாளர் படங்களுக்குத் தங்கப் பதக்கம் வழங்கும்படி நடுவர்களான கலைஞர்கள் பரிந்துரைத்தனர். பேரரசர் மறுத்துவிட்டார்.

1914இல் 18 வயது மகன் பீற்றர் போருக்குப் போக விரும்பினான். தகப்பனைச் சம்மதிக்க வைத்தவர் கேத்தேதான். அந்த ஒக்டோபரிலேயே பெல்ஜியத்தில் அவன் இறந்தான். குற்ற உணர்வோடு அவர் தொடங்கிய சிலைகள், முழந்தாளிட்ட தாயும் தகப்பனுமாக, 1932இல்தான் அவனது மயானத்தில் வைக்கப்பட்டன. துயரம் ஆறக் காலக்கெடு இல்லை.

1919இல் சக கலைஞர்கள் அவரைப் பிரஷ்யக் கலைக்கழகத்துக்குத் தெரிவு செய்தனர். 1933இல் நாஜி ஆட்சி அவரை விலகச் செய்தது. பின்னர் கண்காட்சிகளும் தடைப்பட்டன. ஆனாலும் அவர் வேலையை நிறுத்தவில்லை. 1945இல் காலமானார்.

அவரது மரச்செதுக்குப் படம் ஒன்றின் பெயர் ‘தாய்மார்’. பெண்கள் ஒருவரையொருவர் இறுக அணைத்து நிற்கிறார்கள். நடுவிலிருந்து பிள்ளைகளின் முகங்கள் எட்டிப் பார்க்கின்றன. அந்தப் படத்தில் எந்தத் தாயும் தனியே நிற்கவில்லை. நாமும் அப்படி நிற்கலாம், சகோதரிகளே.