நூறு என்னும் எண்ணும் அதன் அண்டை வரிகளும்

ஆடுகளத்தில் நிகழ்வன யாவும் நிகழ்ந்த கணமே மறைந்துவிடுவன. ஆட்டம் முடிந்தபின் எஞ்சுவது ஒரு தாளில் எழுதிய கணக்கே. ஆடியவர் பெயர், ஆடிய நிமிடம், எறிந்த பந்து, விழுந்த கூடை, பெற்ற புள்ளி என நிரல்பட அமையும் அத்தகைய தாள்களுள், கூடைப்பந்து உலகில் இன்றளவும் பெரிதும் பேசப்படுவது 1962 மார்ச் 2ஆம் நாளுக்குரியது. அதில் ஒரே ஒரு வரியை மட்டும் உலகம் படித்துவிட்டு, மற்றவற்றைப் படியாது மடித்து வைத்துவிட்டது என்பதே நம் குறை.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், சாக்லேட் தொழிலால் பெயர்பெற்ற ஹெர்ஷி என்னும் சிற்றூரில் அன்று ஃபிலடெல்ஃபியா வாரியர்ஸ் அணியும் நியூயார்க் நிக்ஸ் அணியும் மோதின. 169க்கு 147 என வாரியர்ஸ் வென்றது. அவ்வணியின் வில்ட் சேம்பர்லின் தாம் ஒருவராகவே 100 புள்ளிகள் எடுத்தார். அறுபதாண்டுகளுக்கு மேலாகியும் அமெரிக்கத் தொழில்முறைக் கூட்டமைப்பின் ஆட்டங்களில் அவ்வெண்ணை எவரும் எட்டவில்லை. அதனை நேரிற் கண்டோர் 4,124 பேர். தொலைக்காட்சிப் படம் எதுவும் இல்லை. வானொலி வருணனையில் இறுதிக் கால்பகுதியின் ஒலிப்பதிவே நமக்குக் கிடைத்துள்ளது. அணியின் செய்தித் தொடர்பாளர் ஹார்வி பொல்லாக் ஒரு தாளில் 100 என்று எழுதித் தர, அதனைக் கையிற் பிடித்தவாறு சேம்பர்லின் அமர்ந்திருக்கும் நிழற்படம் உலகெங்கும் பரவியது. ஆகவே, அவ்வாட்டத்திற்கு முழுச் சான்று வேண்டுவோர் கணக்குத் தாளையே நாட வேண்டும்.

சேம்பர்லின் பெயருக்கு எதிரே உள்ள வரியை முதலில் காண்போம். 48 நிமிடமும் களத்தில் நின்றார். கூடையை நோக்கி 63 முறை எறிந்து 36 முறை வென்றார். எதிரணியின் ஃபவுல்களுக்கு ஈடாகக் கிடைத்த 32 ஃப்ரீ த்ரோக்களில் 28 விழுந்தன. 25 முறை ரீபவுண்ட் பற்றினார். இவ்வரியில் நம்மை வியக்கவைப்பது 36 அன்று; 28 தான். ஏனெனில் ஃப்ரீ த்ரோ எறிவதே அவருக்கு வாய்த்த பெருங்குறை. அந்தப் பருவம் முழுவதும் நூற்றுக்கு 61 என்ற அளவிலேயே அவர் அதில் வென்றார். அன்றும் அதே அளவில் எறிந்திருப்பின் 32இல் ஏறத்தாழ 20 தான் விழுந்திருக்கும்; மொத்தம் 92இல் நின்றிருக்கும். உயரத்தாலும் உடல் வலிமையாலும் வந்த புள்ளிகள் என்று இவரைக் குறைத்துப் பேசுவோர், தடுப்பார் எவருமின்றிக் கோட்டருகே தனித்து நின்று எறியும் எறிக்கு உயரம் எவ்வளவு துணைசெய்யும் என்பதைச் சிந்திப்பாராக.

எனினும் தாள் வெளிப்படக் கூறாத செய்தி ஒன்று உண்டு. நான்கு கால்பகுதிகளில் அவர் எடுத்தவை முறையே 23, 18, 28, 31. முதல் மூன்றில் வந்த 69 புள்ளிகளும் இயல்பான ஆட்டத்தில் வந்தவை. இறுதிப் பகுதியில் ஆட்டத்தின் நோக்கமே மாறிற்று. நூறை எட்டவிடலாகாது என்று கருதிய நிக்ஸ் அணியினர், பந்து சேம்பர்லின் கைக்குச் செல்லுமுன் பிறர்மீது வேண்டுமென்றே ஃபவுல் செய்தனர். வாரியர்ஸ் அணியினரோ பந்தை விரைந்து மீட்கும் பொருட்டுத் தாமும் அதையே செய்தனர். வெற்றி பெறும் நிலையில் உள்ள அணி வலியச் சென்று ஃபவுல் செய்வது விந்தையினும் விந்தை! இதனைக் காட்டி நூறைப் பொய் என்பார் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. 69 எடுத்தவனுக்கு நூறு எட்டாக்கனி அன்று. ஆனால் அந்தப் பன்னிரண்டு நிமிடங்களை மட்டும் சிறந்த கூடைப்பந்துக்கு எடுத்துக்காட்டாக எவரும் மாணவர்க்குக் கற்பிக்க வேண்டா. இரண்டையும் ஒருசேர ஏற்பதே நேர்மை என்பது நம் துணிபு.

இனி அண்டை வரிகள். கை ரோட்ஜர்ஸ் எடுத்தவை 11 புள்ளிகளே. ஆயினும் கூடையில் விழுமாறு பிறர்க்குப் பந்து தந்த அசிஸ்ட் கணக்கில் அவர் பெயருக்கு எதிரே 20 நிற்கிறது. அந்த இருபதின்றி அந்த நூறு ஏது? ஆல் ஆட்டில்ஸ் 8 முறை எறிந்தார், எட்டும் விழுந்தன; கிடைத்த ஒரே ஃப்ரீ த்ரோவும் விழுந்தது. ஓரிரவு முழுதும் ஒரு பிழையும் இன்றி எறிந்தவர் பெயர் அவ்விரவைப் பற்றிய பேச்சில் அரிதாகவே எழுகிறது. பிற்காலத்தில் 1975இல் இதே வாரியர்ஸ் அணியைப் பயிற்றுநராக நின்று வாகை சூடச் செய்தவரும் இவரே. தோற்ற அணியிலும் ரிச்சி கெரின் 39, கிளீவ்லண்ட் பக்னர் 33, வில்லி நால்ஸ் 31 என மூவர் முப்பதைத் தாண்டினர். வேறெந்த நாளாயினும் தலைப்புச் செய்தி ஆகியிருப்பர்.

சேம்பர்லினைத் தடுக்க நின்ற டாரல் இம்ஹாஃப் ஆறு ஃபவுல்களால் 20 நிமிடத்திலேயே வெளியேறினார். அவரை வைத்து நகையாடுவது நெடுநாள் வழக்கமாயிற்று. அவர் களத்தில் இல்லாத 28 நிமிடங்களின் புள்ளிகளுக்கும் அவரையே பொறுப்பாக்குவது எவ்வகை நியாயம்? தாளை முழுதும் படித்தோர் அவ்வாறு நகையார்.

எதிரி எறிந்த பந்தைத் தட்டிவிடுதலும், எதிரியிடமிருந்து பந்தைப் பறித்தலும் அத்தாளில் இல்லவே இல்லை. அவற்றைக் கூட்டமைப்பு எண்ணத் தொடங்கியது 1973ஆம் ஆண்டில் தொடங்கிய பருவத்தில்தான். தட்டிவிடுவதில் இணையற்றவராகக் கருதப்பட்ட சேம்பர்லின் அதே பருவத்திற்கு முன்னரே ஆட்டத்தைவிட்டு நீங்கிவிட்டார். அத்திறத்தில் அவருக்குரிய எண் எக்காலத்தும் கிடைக்காது.

ஆட்டம் முடிய 46 நொடிகள் இருக்கையில் நூறாவது புள்ளி வந்தது. அப்பந்தைத் தந்தவர் ஜோ ரக்லிக் என்னும் மாற்று ஆட்டக்காரர். அன்று அவர் ஒருமுறை எறிந்தார், விழவில்லை. இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தன, இரண்டும் விழவில்லை. புள்ளிகளுக்குரிய இடத்தில் அவர் பெயருக்கு எதிரே இன்றும் 0 என்றே உள்ளது.